மீதியை நாளைக்குப் படிக்கலாம்

ஆகஸ்டு கடைசி வாரத்தில் கூழைக்கடா முனையில் யாருக்கும் கை ஓயாது. வெள்ளைமீன் கொழுத்துக் கரைப்பக்கம் வருவது அப்போதுதான். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு ஏற்றிப்போக விமானம் வருவதும் அப்போதுதான். வடகோடியில், ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் பூர்வகுடி ஊரின் பள்ளி எட்டோடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால், பதினான்கு வயதில் விமானம் ஏறி, காசு வாங்கிக்கொண்டு சோறு போடுகிற முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தாக வேண்டும். சாலை கிடையாது. ஏரி உறைந்தபின் அதன்மேல் போடுகிற பனிச்சாலையும் பங்குனி வெயில் பட்டதும் தண்ணீராகிவிடும்.

அந்த வருஷம் வடக்கே காடு எரிந்துகொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் எதிர்க்கரை தெரியாது. துவைத்துப் போட்ட துணியெல்லாம் புகை வாசம். ஓடுபாதையையும் அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சாமான்களை எடை போடுவேன், வானொலியில் விமானியிடம் மேகம் எப்படி, காற்று எப்படி என்று சொல்லுவேன். புகை தணியாவிட்டால் வியாழக்கிழமை விமானம் வராது என்று செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அன்று மாலை அம்ப்ரோஸ் லிங்க்லேட்டர் வீட்டுக்குப் போனேன். என் பக்கத்து வீடு.

அவன் வீட்டார் எல்லோரும் கரையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்ப்ரோஸ் பேச்சில்லாத ஆள். ஐம்பதைத் தாண்டியவன், நரைத்த ஒற்றைச் சடை இடுப்புவரை தொங்கும். வலையிலிருந்து மீனை விடுவித்து மனைவி டார்லீனிடம் தள்ளுவான். அவள் கத்தியை ஒரே இழுப்பில் இழுத்துக் குடலை வாளியில் போட்டு, வயிற்றை விரித்து மூத்த மகள் ஜனெல் கையில் கொடுப்பாள். ஜனெல் அதைப் புகைக்குடிலுக்குள் கழியில் தொங்கவிடுவாள். அந்த வருஷம் நகரத்துக்குப் போக வேண்டியவள் அவள்தான். இளையவள் மிரெல், மூன்றாம் வகுப்பு. அவள் வேலை குடல் வாளிக்குக் கடற்காக்கை வராமல் பார்த்துக்கொள்வது. அன்று அவள் காக்கையை விரட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணே, விமானம் வருமா வராதா?" என்றாள் டார்லீன், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

"காத்து திரும்பினா வரும்."

"திரும்பாட்டி இன்னொரு வாரம் இவ இங்கயே கெடப்பா. கெடக்கட்டும். இந்த மீனை யாரு தொங்கவிடுறது?"

"அதுக்குத்தான் என்னைப் பெத்தியாம்மா?" என்றாள் ஜனெல்.

"வேறெதுக்கு? மூஞ்சியப் பாக்கவா? கண்ணாடில நீயே மணிக்கணக்காப் பாத்துக்கிறியே, போதாது?"

ஜனெல் சிரித்துக்கொண்டே தன் இரண்டு சடைகளையும் பின்னால் தள்ளினாள். நீளமான முடி. மீன் செதில் ஒட்டியிருந்தது. அம்ப்ரோஸ் சிரிக்கவில்லை.

"போகணும்னு கட்டாயமா?" என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் டார்லீன். "போகாம? எட்டாவதோட நிறுத்தி என்னை மாதிரி குடல் உருவவா? நர்ஸாகணும்ங்கிறா. ஆகட்டுமே. அந்த மருந்தகத்துல நம்ம பேச்சு தெரிஞ்ச ஒரு நர்ஸு உண்டா?"

"தியோ கூட என்னவோ ஆகணும்னுதான் போனான்."

டார்லீன் அடுத்த மீனை எடுத்து அறுத்தாள். தியோ எங்கள் ஊர்ப் பையன். முந்தின வருஷம் நகரத்தில் படிக்கப் போய், அங்கே ஓடுகிற ஆற்றில் கிடந்தான். எப்படி விழுந்தான் என்று போலீசுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. மார்ச்சு மாதம் விமானத்திலிருந்து அவனைப் பெட்டியோடு இறக்கியது நான்தான். அவன் அம்மாவும் அக்கா தங்கைகளும் எங்கள் வழக்கப்படி சடையை அறுத்து அவன் மார்பின்மேல் வைத்தார்கள். அதற்காக அல்லாமல் எங்களில் ஆண் பெண் யாரும் சடையில் கத்தரி வைப்பதில்லை. சீப்பில் வருகிற முடியைக்கூடச் சுருட்டி அடுப்பில்தான் போடுவோம். மிரெல் அன்று முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள்.

அவள் ஏன் தலையைக் குனிந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஐவி ஹால்கெட். எங்கள் ஊர்க்காரி, அம்ப்ரோஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். கோடையில் அவளுக்கு ஒரு பெட்டி புத்தகம் வந்தது. நான்தான் என் வண்டியில் ஏற்றிப் பள்ளியில் கொண்டுபோய் இறக்கினேன். பெட்டியைக் கத்தியால் கிழித்துத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "மாமா, நம்ம பிள்ளைங்க மூஞ்சி மாதிரியே மூஞ்சி வரைஞ்சிருக்கான் பாருங்க," என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஏரிக்கரையில் ஒரு சிறுமி. பழைய காலத்து விடுதிப் பள்ளியைப் பற்றிய படக்கதை. அரசாங்கமும் திருச்சபையும் சேர்ந்து நம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போய் அடைத்து வைத்து, நம் பேச்சைப் பேசினால் அடித்த பள்ளிகள். எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் அங்கே போகாதவர் குறைவு. போனதைப் பற்றிப் பேசுகிறவர் அதைவிடக் குறைவு.

"யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. பிள்ளைங்க எங்கதான் தெரிஞ்சுக்கும்? பள்ளிக்கூடத்துல நடந்ததைப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக்குடுக்கணும் மாமா," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, அதைப் படிக்க எடுத்துவிட்டாள். ஒரே நாளில் முடித்தால் பிள்ளைகள் மனதில் தங்காது. பாதி படிப்பது, பேசுவது, மறுநாள் மீதி. அது அவள் முறை. மிதவை விமானம் ஏரியில் இறங்குகிறது. பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். ஜன்னல் ஜன்னலாகச் சின்ன முகங்கள். அடுத்த பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல், தரையில் இரண்டு சடை.

"நெசமா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"நெசம்தான்."

"அவங்க அம்மா செத்துட்டாங்களா? ஏன் முடிய வெட்டுறாங்க?"

"யாரும் சாகல. சும்மாவே வெட்டினாங்க."

மணி அடித்துவிட்டது. "மீதியை நாளைக்குப் படிக்கலாம்," என்று ஐவி புத்தகத்தை மூடி வைத்தாள்.

அந்த வாரம் விமானம் வருகிற வாரம் என்பது அவள் நினைப்பில் இல்லை. வெளியூர் டீச்சராக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பாள். ஐவி அதே விமானத்தில் போய்ப் படித்துத் திரும்பியவள். அது அவளுக்கு மற்ற ஊர்ப் பேருந்து மாதிரி. புத்தகத்து விமானமும் எங்கள் ஓடுபாதையில் இறங்குகிற விமானமும் ஒரு பிள்ளைக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

புதன்கிழமை புகை அதிகமாகிப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மீதி படிக்கப்படவில்லை.

அன்று பிற்பகல் நான் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். அம்ப்ரோஸ் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. மீன் கத்தி யார் கையிலாவது பட்டுவிட்டது என்று நினைத்து ஓடினேன். உள்ளே போனால், ஜனெல் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விடிகாலையிலிருந்து புகைக்குடிலில் நின்ற அலுப்பில் அப்படியே தூங்கிப்போனவள். ஒரு பக்கம் சடை கழுத்தோடு அறுபட்டிருந்தது, மறுபக்கம் முக்கால்வாசி. மேஜைக்கு அடியில் மிரெல். கையில் வலை தைக்கிற கத்தரிக்கோல்.

"வெளிய வாடி! உன் கைய ஒடிக்கிறேன் வா!" டார்லீன் குனிந்து அவள் காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்தபோதுதான் பார்த்தோம், மிரெல் தன் முடியையும் வெட்டியிருந்தாள். காதுக்குமேல் எலி கடித்த மாதிரி.

"ஏண்டி? ஏண்டி இப்படிப் பண்ணின?"

மிரெல் அழவில்லை. விளக்கம் சொல்லுகிற குரலில் சொன்னாள்: "முடி இல்லாட்டி, ஏற்கெனவே போயிட்டு வந்தவங்கன்னு நெனச்சு விட்டுருவாங்கம்மா. விமானத்துல ஏத்த மாட்டாங்க."

"யாரு?"

"புத்தகத்துல வர்றவங்க."

டார்லீனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். ஜனெல் மீதி இருந்த முடியைத் தானே வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு சடையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். தரையில் கிடக்க விடக்கூடாதே. அந்த நேரத்தில் அம்ப்ரோஸ் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

அவன் பார்த்தது மேஜைமேல் இருந்த சடைகளை மட்டும்தான். கூடை கையிலிருந்து நழுவியது. மீன்கள் தரையெல்லாம் வழுக்கிப் போயின.

"யாரு?" என்றான். "யாரு செத்தது?"

"யாரும் சாகல," என்றாள் டார்லீன். "யாரும் சாகலய்யா. இந்தக் கழுதை செஞ்ச வேலை."

அவன் காதில் ஏறவில்லை. "சொல்லுங்க. எங்கிட்ட மறைக்காதீங்க. யாரு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இரண்டு மகள்களும் எதிரேதான் நிற்கிறார்கள். எண்ணிப் பார்க்கிறவன் மாதிரி அவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு மீன்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஐவி வகுப்பில் படித்த புத்தகம் என்று மிரெல் சொல்லவும், டார்லீன் என்னை ஐவி வீட்டுக்கு அனுப்பினாள். ஐவி பையோடு வந்தாள். பைக்குள் அந்தப் புத்தகம். மிரெல் தலையைப் பார்த்ததும் அவள் உதடு வெளுத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற பெண் இல்லை.

"யாரைக் கேட்டு இதையெல்லாம் படிச்ச?" என்றான் அம்ப்ரோஸ்.

"யாரைக் கேக்கணும் சித்தப்பா? உங்களையா? நாலு தடவ உங்க வீட்டுக்கு வந்தேன், வகுப்புக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு. நாலு தடவையும் வலை தைக்கணும்னீங்க."

"தைக்க வேண்டியிருந்துச்சு."

"நாப்பது வருஷமாவா?"

"ஐவி," என்றாள் டார்லீன்.

"இல்ல சித்தி, சித்தப்பா கேக்கட்டும். பிள்ளைங்களுக்குத் தெரியணுமா வேண்டாமா? எதுவும் தெரியாம வளந்ததாலதான் அங்க போயிட்டு வந்த எங்கப்பா குடிச்சிட்டு வந்து அடிச்சப்ப எல்லாம், நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு நெனச்சிட்டிருந்தோம்."

தேநீர்க் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. யாரும் அதை இறக்கவில்லை.

"எனக்கு ஏழு வயசு," என்று அம்ப்ரோஸ் தொடங்கினான். "ஏரி உறையறதுக்கு முன்னாடி எங்கம்மா போயிட்டா. காச நோவு. எனக்கு யாரும் சொல்லல. விடுதிப் பள்ளிக்கூடத்துல இருந்த பாதிரிங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். சொல்லல. கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் குடுத்தாங்க. பழத்தைத் தின்னுட்டு, தோலைக் காயவச்சுப் பையில வச்சிருந்தேன். அம்மா வாசம் பாக்கட்டும்னு. ஜூன் மாசம் விமானம் தண்ணில எறங்குச்சு. படகுத்துறை பூரா அம்மாக்காரிங்க. நான் எறங்கி நின்னேன். நின்னுட்டே இருந்தேன். பெரியப்பா வந்து கையப் புடிச்சாரு, அப்பதான் தெரிஞ்சுது."

ஐவி பையைக் கீழே வைத்தாள்.

"அம்மா பெட்டில எங்கப்பா சடை இருக்கு. அக்கா சடை இருக்கு. என்னுது இல்ல. என்னுதை அவங்க மொத நாளே வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்க." தன் நரைத்த சடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். "இதை வச்சு இப்ப என்ன பண்றது, சொல்லு."

இதை டார்லீனிடம்கூட அவன் சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐவி மிரெல் பக்கம் திரும்பி முழங்காலிட்டாள். "மிரெல், தப்பு என்னுதுடா கண்ணு. மீதியையும் படிச்சிருக்கணும். கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுறா. வா, இப்பவே படிக்கலாம்."

"எல்லாரும் வந்தாங்களா டீச்சர்?"

ஐவி அம்ப்ரோஸைப் பார்த்தாள்.

"இல்ல," என்றான் அம்ப்ரோஸ்.

மிரெல் யோசித்தாள். "அப்ப வேணாம். அக்கா வரட்டும். வந்ததுக்கப்புறம் படிங்க."

"அவ போகப்போறதில்ல," என்றான் அம்ப்ரோஸ். "அது முடிஞ்சுது." என்று என் பக்கம் திரும்பினான். "விர்ஜிலு, விமானப் பட்டியல்லருந்து அவ பேரை அடிச்சிரு."

"அடிக்காதீங்க மாமா," என்றாள் ஜனெல். அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவள். முடியில்லாமல் அவள் கழுத்து மெலிந்து தெரிந்தது. "நான் போறேன்பா."

"தியோவப் பெட்டில பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"உன்னைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் நானாத்தான் போறேன். ரெண்டும் ஒண்ணாப்பா?"

டார்லீன் எழுந்து ஜனெலை நாற்காலியில் உட்காரவைத்து, அதே கத்தரிக்கோலால் ஓரத்தைச் சமமாக வெட்டிவிட்டாள். "போற எடத்துல பேன் புடிக்காது, அது ஒண்ணுதான் லாபம்," என்றாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். சடைகளை அடுப்பில் போட எடுத்தபோது அம்ப்ரோஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். ஒரு பழைய துணியில் சுருட்டித் தன் படுக்கைக்கு மேலே உத்தரத்தில் செருகினான். எரிக்கவும் இல்லை, யாரோடும் புதைக்கவும் இல்லை. அப்படி ஒரு சடையை வீட்டில் வைத்திருப்பது எங்களிடம் கிடையாது.

காற்று அன்று மாலையே திரும்பியது. வியாழக்கிழமை விமானம் வந்தது.

ஜனெல் பையை எடைத்தராசில் வைத்தேன். புகையிட்ட மீன் வாசம். விமானி புதியவன், தெற்கத்திப் பையன், கன்னத்தில் பருக்கள். மிரெல் நேராக அவனிடம் போனாள்.

"எங்க அக்காவ நீதான் திரும்பக் கூட்டிட்டு வருவியா?"

"நானோ, வேற யாராச்சுமோ. கிறிஸ்துமஸுக்கு."

"வேற யாராச்சும் வேணாம். நீ வா."

அவன் சிரித்து அவள் தலையைத் தடவப் போனான். மிரெல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அவன் சிரிப்பு நின்றது. ஏனென்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

விமானம் ஓடுபாதையில் நகர்ந்தபோது ஜன்னல் ஜன்னலாக முகங்கள். அம்ப்ரோஸ் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

செப்டம்பரில் மழை வந்து தீ அணைந்தது. அக்டோபர் கடைசியில் ஏரி உறைந்தது. ஞாயிறுதோறும் ஜனெல் போன் செய்வாள். முதலில் நீளமாக, பிறகு "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று இரண்டு வார்த்தை. தங்கியிருந்த வீட்டுக்காரி குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாளாம். வகுப்பறை அலமாரியில் அந்தப் புத்தகம் அப்படியே இருந்தது. வேறு பிள்ளைகள் எடுக்கப் போனால் மிரெல் விடமாட்டாள். "அக்கா வரலையே இன்னும்," என்பாள். பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் விமானம் பனிக்காற்றால் தள்ளிப்போய், ஒரு வெயில் நாளில் இறங்கியது. விமானி வேறு ஆள். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி அவரவர் அம்மாவிடம் போய் முட்டிக்கொண்டார்கள். ஜனெல் கடைசியில் இறங்கினாள். முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. கோட்டின் முதுகில் ஏதோ கறை, கழுவியும் போகாத கறை. படியிலிருந்து இறங்கியவள் இறுகிய பனியில் அங்கேயே நின்றுவிட்டாள். கோட்டுப் பைக்குள் கைகள். டார்லீன் இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறாள். மிரெல் ஓடிப் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

அம்ப்ரோஸ்தான் நடந்து போனான். அவளைத் தொடவில்லை. அவள் பக்கத்தில், அவள் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள்.

கொட்டகையில் பையை எடுக்கும்போது ஜனெல் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "ஜனவரி விமானத்துக்கும் பேர் எழுதிக்கோங்க மாமா. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. நான் வந்து நின்ன நிலையப் பாத்துப் பயந்திருக்கா."

"அந்தக் கறை என்னடா?"

"பஸ்ஸுக்கு நிக்கும்போது காருலருந்து எதையாச்சும் வீசுவாங்க. எல்லார் மேலயும்தான். நம்ம ஆளுங்க எல்லார் மேலயும்."

மறுநாள் பகலில் ஐவி புத்தகத்தோடு வந்தாள். மிரெல்தான் அழைத்து வந்தாள். டார்லீன் அடுப்பில் பானக் என்கிற எங்கள் தடி ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள். மூஸ் மான் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அம்ப்ரோஸ் மூலையில் வலை தைத்தான். எனக்கும் ஒரு கோப்பை தேநீர் கிடைத்தது. ஐவி விட்ட இடத்திலிருந்து படித்தாள். சிறுமி குளிரில் தரை கழுவுகிறாள். கோடை வருகிறது. விமானம் ஏரியில் இறங்குகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் படகுத்துறையில் கைகளை விரித்துக்கொண்டு அம்மாவை நோக்கி ஓடுகிறாள்.

"பாத்தியா, வந்துட்டா," என்றாள் ஐவி.

"ஓட மாட்டா," என்றாள் ஜனெல்.

அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்கினதும் ஓட மாட்டா. கொஞ்ச நேரம் நிப்பா."

"ஏன்க்கா?" என்றாள் மிரெல்.

ஜனெல் தோளைக் குலுக்கினாள். மூலையில் வலை ஊசி நின்றது.

"கால் வராது," என்றான் அம்ப்ரோஸ்.

மிரெல் அக்காவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை ஐவி மடியிலிருந்து இழுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். பின்னட்டைதான் இருந்தது.

"இதுக்கப்புறம் என்ன டீச்சர்?"

"இதோட முடிஞ்சிருச்சுடா."

"இதுக்கப்புறம்," என்றாள் ஜனெல், "திரும்பப் போவா."

டார்லீன் ரொட்டியைத் திருப்ப எடுத்த கரண்டி பாத்திரத்துக்குமேல் அப்படியே நின்றது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அடிப்பக்கம் கருகுகிற வாசம் வீடு முழுக்க வந்தபிறகுதான் அவள் அதைத் திருப்பினாள்.